கடைசி வண்டிக் குச்சி

உக்காருங்க, இடம் இருக்குது. நாலு மணி ஆகாம உள்ள உடமாட்டாங்க. நானும் காத்தால இருந்து இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். பிளாஸ்க்கை இக்கட்ட, எம்பக்கத்துல வையுங்க, ஆரும் எடுக்கமாட்டாங்க. நான் இருக்கறப்ப எவன் எடுப்பான்?

நானுங்களா? நான் ஒறம்பரை இல்லீங்க. கூட வேலை செய்யறவன். பேரு மாரப்பன். உள்ள பதினாலாம் நெம்பர் கட்டில்ல இருக்கறவரு பொங்கியண்ணன். மண்டையில அடி. ரெண்டு கையும் வெந்து போயிக் கட்டுப் போட்டிருக்குது. நாலு நாளா கண்ணே முழிக்கலை. இன்னைக்குக் காத்தாலதான் முழிச்சாரு. நாலரைக்குப் போலீஸ்காரரு வர்றாரு, ஆரு அடிச்சாங்கன்னு கேட்டு எழுதிக்க. அதுக்கு முன்னால நான் ஒருக்கா அவருகிட்டப் பேசோணும். அதுக்குத்தானுங்க உக்காந்திருக்கேன்.

ஆரு அடிச்சாங்களா? கூட்டம்ங்க. முப்பது நாப்பது பேரு. சொல்றேன் கேளுங்க, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது.

நாங்க ரெண்டு பேரும் ரோட்டுல கொடி புடிக்கறவங்க. நீங்க பஸ்ஸுல போறப்பப் பார்த்திருப்பீங்க. மெயின் ரோட்டுல தார் போடறப்ப ஒரு பாதியை அடைச்சுப் போட்டு, இன்னொரு பாதியில மாத்தி மாத்தி வண்டி உடுவாங்கல்ல. இந்த முனையில நான் நிப்பேன், அந்த முனையில அவரு நிப்பாரு. ஒம்பது வருசமா இப்படித்தான். வேலை நேரத்துல அவரு மொகத்தையே பார்த்ததில்லீங்க. நடுவுல எப்பவும் ஒரு கிலோமீட்டரு, ஒண்ணரைக் கிலோமீட்டரு ரோடு கெடக்கும். சோத்துக்கு உக்காந்தாத்தான் பார்க்கறது. அவரு சம்சாரம் பாவாத்தா அக்கா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தூக்குல போட்டு உடும். எனக்குக் கத்திரிக்கா ஆகாதுன்னு எனக்குத் தனியா ஒரு கிண்ணத்துல வேற ஏதாச்சும் வரும். எங்கூட்டுல கூட அப்படிப் பார்த்துச் செய்யமாட்டாங்க.

இப்ப வேலை நடக்கற ரோட்டுல நடுவுல ஒரு பெரிய வளைவு. இந்த முனையில இருந்து அந்த முனை தெரியாது. அதுக்கு ஒரு குச்சி வெச்சிருந்தோம். முழ நீளம், சிவப்பும் வெள்ளையுமாப் பெயிண்டு அடிச்சது. நான் ஒரு அம்பது வண்டி தாட்டி உடறேன்னு வைங்க. கடைசியாப் போற வண்டிக்காரன் கையில அந்தக் குச்சியைக் குடுத்துருவேன். அவன் கொண்டு போயி அந்த முனையில பொங்கியண்ணன்கிட்டக் குடுப்பான். குச்சி அவரு கைக்கு வந்துதுன்னா, இந்தப் பக்கம் இருந்து வர்ற வண்டி அவ்வளவுதான்னு அர்த்தம். அப்புறம் அவரு தன் பக்கத்து வண்டியை உடுவாரு, கடைசி வண்டியில குச்சி எனக்குத் திரும்பி வரும். குச்சி ஆரு கையில இருக்குதோ அவன்தான் வண்டி உடலாம். இல்லாதவன் உட்டான்னா நடுவளைவுல பஸ்ஸும் லாரியும் நேருக்கு நேரு மோதிக்கும். அவ்வளவுதான் வேலை. போன் இருக்குதேன்னு நீங்க கேட்பீங்க. போன்ல கடைசி வண்டி எதுன்னு எப்படிங்க சொல்லுவீங்க, வெள்ளைக் காருன்னா பத்து வெள்ளைக் காரு வருது.

பொங்கியண்ணன் இதுக்கு ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. குச்சியைப் பஸ்ஸுக்காரனுக்குக் குடு, லாரிக்காரனுக்குக் குடு. டூ வீலருக்குக் குடுக்காதே, நடுவுல வாய்க்கா மேட்டு ரோடு பிரியுது, பாதியில திரும்பிப் போயிருவான்னு. தினமும் காத்தால ஒருக்கா இதைச் சொல்லுவாரு. வயசானவங்க சொன்னதையே சொல்லுவாங்கல்ல, நானும் சரிங்ணா சரிங்ணான்னு கேட்டுக்குவேன்.

எனக்குக் கோவமே வராதுங்க. நீங்க ஆரை வேணாக் கேட்டுப் பாருங்க. பொறுத்தார் பூமி ஆள்வார்னு எங்கப்பன் சொல்லுவாரு, நான் அப்படித்தான். ஆனா ரோட்டுல நின்னு பாருங்க ஒரு நாளைக்கு. ஒம்பது வருசத்துல என்னை எத்தனை பேரு ஆத்தாளைச் சொல்லித் திட்டியிருக்கான் தெரியுங்களா? மொகத்துல துப்பியிருக்கான். இந்தக் காலைப் பாருங்க, ரெண்டு வெரலு இல்லை. ஒரு ஜீப்புக்காரன், நில்லுன்னு சொன்னதுக்கு ஏத்திட்டுப் போனான். சிரிச்சுட்டே போனான். அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. கம்பெனியில கொடி கட்டறதுக்கு மூங்கில் குடுத்தாங்க. மூங்கிலுக்கு எவனுங்க பயப்படறான்? நானே ஒரு இரும்புப் பைப்பு தேடி அதுல கொடியைக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் பாருங்க, என் முனையில ஒருத்தன் கோட்டைத் தாண்டமாட்டான். தாண்டினா பானட்டுல ஒண்ணு. அதுக்கும் அடங்கலைன்னா கண்ணாடியில ஒண்ணு. வண்டியைத்தான் அடிப்பேன். ஆளை நெம்ப அடிச்சதில்லை, ஒரு பத்துப் பதினஞ்சு பேரு இருக்கும்.

பொங்கியண்ணன் அப்படி இல்லை. அவரு மொகத்துல துப்பினா துண்டுல தொடைச்சுக்குவாரு. "அஞ்சே நிமிசம் கண்ணு, போயிறலாம்"னு சொல்லுவாரு. துப்பினவனுக்குங்க. ஏங்ணா உனக்கு ரோசமே இல்லையான்னு நான் கேட்டிருக்கேன். "அவன் அவசரம் அவனுக்கு மாரப்பா. நாம ரோட்டை அடைச்சுட்டு நிக்கறோம், நம்மளைக் கொஞ்சவா செய்வான்"ம்பாரு.

அன்னைக்கு முகூர்த்த நாளு. பங்குனி வெயிலு. மூணரை மணி இருக்கும். கீழ தாரு கொதிக்குது, மேல வெயிலு கொதிக்குது. கண்ணாலத்துக்குப் போயிட்டுத் திரும்பற வேனு, காரு, பஸ்ஸு எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரு மைலுக்கு நிக்குது. குச்சி எங்கையில இருந்துச்சு. ரோலர் ஓரமாகட்டும்னு ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்தி வெச்சிருந்தேன்.

அப்ப ஒரு பால்காரன். பேரு சென்னியப்பன்னு அப்புறம் தெரிஞ்சுது. மொபெட்டுல ரெண்டு பக்கமும் பால் கேனு. எல்லாரும் வரிசையில நிக்கறப்ப இவன் மட்டும் ஓரமா நுழைஞ்சு நுழைஞ்சு முன்னால வந்துட்டான். "பால் திரிஞ்சுருமுங்க, கொஞ்சம் உடுங்க"ங்கறான். பின்னால போன்னு சொன்னேன். மறுபடியும் "அண்ணா அண்ணா"ன்னு கையைப் புடிக்கறான். கன்னத்துல ஒண்ணு குடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுக்கே வண்டியோட சாஞ்சுட்டான். ஒரு கேனு தெறந்து பால் பூரா புதுத் தாரு மேல ஓடுச்சு. அந்தச் சூட்டுல பாலு அங்கயே கொதிச்சுப் பொங்குச்சுங்க, நான் இது வரைக்கும் அப்படிப் பார்த்ததில்லை. வேன்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் ஐயோ பாவம்னு சொன்னாங்க. பாவம்னா வரிசையில நின்னவனெல்லாம் பாவம் இல்லீங்களா?

ரோலர் ஓரமாச்சு. நான் கொடியை ஆட்டி வண்டி எல்லாத்தையும் உட்டேன். அந்தப் பால்காரன் கேனைத் தூக்கிக் கட்டி, வண்டியை நிமுத்தறதுக்குள்ள எல்லா வண்டியும் போயிருச்சு. அவன்தான் கடைசி. சரி, போனாப் போகுதுன்னு அவங்கிட்டயே குச்சியைக் குடுத்தேன். "போயி அந்த முனையில இருக்கற பெரியவருகிட்டக் குடு"ன்னு சொன்னேன். நல்ல மாதிரியாத்தானுங்க சொன்னேன். அவன் வாங்கி மடியில வெச்சுக்கிட்டுப் போனான். நான் மனசுல எதையும் வெச்சுக்கமாட்டேன், அடிச்சா அடிச்சதோட மறந்துருவேன். அதனாலதான் நம்பிக் குடுத்தேன்.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் இருந்து ஒரு வண்டி வரலை.

பத்து நிமிசம் பார்த்தேன். இருபது நிமிசம். என் பக்கம் மறுபடியும் வண்டி சேந்துருச்சு. ஆரன் அடிக்கறானுங்க பாருங்க, காது பிஞ்சுரும். எனக்குப் பொங்கியண்ணன் மேல கோவம். ஏன் உடமாட்டேங்கறாரு, தூங்கிட்டாரா, வெயில்ல மயங்கிட்டாரான்னு. ஒரு கார்க்காரன் எறங்கி வந்து, நீயெல்லாம் சோத்தைத் திங்கறியா வேற எதையாச்சும் திங்கறியான்னு கேட்டான். அவன் சட்டையைப் புடிச்சுட்டேன். அவன் என் சட்டையைப் புடிச்சுட்டான். அவன் டிரைவரு வந்தான். அவனுக்கும் ரெண்டு உழுந்துச்சு, எனக்கும் இந்த உதட்டுல பாருங்க, கிழிஞ்சுருச்சு. அந்த நேரத்துல பொங்கியண்ணன் மூணு தடவை போன் பண்ணியிருக்காரு. எனக்கு எப்படிங்க கேட்கும்? அப்புறம் நான் திருப்பிப் போட்டேன், அவரு எடுக்கலை.

முக்கா மணி நேரம் ஆச்சுங்க. எனக்குப் பொறுக்கலை. நின்னுட்டிருந்த ஒருத்தனை எறக்கி உட்டுட்டு அவன் பைக்கை எடுத்துட்டு அந்த முனைக்குப் போனேன். நான் கெளம்பினதுதான் தாமசம், என் பக்கம் நின்ன வண்டி எல்லாம் பின்னாலயே கெளம்பிருச்சு. மடை தெறந்த மாதிரி வருது. நான் என்ன பண்ணட்டும், எனக்கு ரெண்டு கைதான இருக்குது.

வளைவு திரும்பினதும் பார்த்தேன்.

பொங்கியண்ணன் ஒரு கண்ணால வேனுக்கு முன்னால நிக்கறாரு. ரெண்டு கையையும் இப்படி அகலமா விரிச்சுட்டு. சட்டை கிழிஞ்சு தொங்குது. மூக்குல ரத்தம். சுத்தி முப்பது நாப்பது பேரு. ஒருத்தன் முதுகுல குத்தறான். ஒருத்தன் செருப்பைக் கழட்டி அடிக்கறான், பட்டு வேட்டி கட்டினவன். தண்ணி பாட்டில்ல அடிக்கறான், கொடையில அடிக்கறான். அந்த மனுசன் கையைக் கீழ எறக்கலைங்க. மொகத்தைக் கூட மறைச்சுக்கலை. மறைச்சா அந்த சந்துல வண்டி பூந்துருமில்ல. "குச்சி வரலைங்க, குச்சி வராம உடமாட்டேன், எதுத்தாப்புல வண்டி வருதுங்க"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு. அடிக்கறவனுக்குக் குச்சின்னா என்ன தெரியும்? இவரு பைத்தியம்னு நெனைக்கறான். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால என் பக்கத்து வண்டி எல்லாம் வந்து சேருது. பாரு, அந்தப் பக்கம் மட்டும் உடறான்னு அதுக்கும் ரெண்டு அடி.

இப்ப நெனைச்சா அவரு நின்னது சரிதானுங்க. உட்டிருந்தாருன்னா அந்த வளைவுல என் பக்கத்துப் பஸ்ஸும் இந்த வேனும் மோதியிருக்கும். வேன்ல கொழந்தைங்க இருந்துச்சு.

நான் கூட்டத்தைத் தள்ளிட்டு உள்ள போனேன். ரெண்டு பேரைப் பைப்புல போட்டேன், வழி உட்டானுங்க. அண்ணனைக் காப்பாத்தோணும், அதுதான் மனசுல. சாமி சத்தியமா அதுதானுங்க. அவரு என்னைப் பார்த்தாரு. பார்த்ததும், "ஏப்பா வந்துட்டியா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேட்கலை. "குச்சி எங்க மாரப்பா, ஆருகிட்டக் குடுத்தே?"ன்னாரு. "டூ வீலருக்குக் குடுத்தியா? எத்தனை தடவை சொன்னேன்?"ன்னாரு. அத்தனை பேரு முன்னாலயுங்க. அது வரைக்கும் அவரை அடிச்சுட்டு இருந்தவனெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கறான். "ஓ, இவன்தான் காரணமா"ன்னு அந்தப் பட்டு வேட்டிக்காரன் சொல்றான்.

ஒரு அடிதானுங்க.

பைப்புல இல்லை, பைப்போட நுனியில. இந்தக் காதுக்குப் பின்னால பட்டுருச்சு. அவங்க முப்பது பேரு ஆளுக்குப் பத்து அடி அடிச்சிருக்காங்க, அப்ப எல்லாம் நின்ன மனுசன், என்னோடது ஒண்ணுக்கு உழுந்துட்டாரு. ஏற்கெனவே அடிபட்ட ஒடம்பு இல்லீங்களா, உழுகத்தான செய்யும். உழுந்தது அந்தப் பக்கம், புதுசாப் போட்ட தாரு மேல. ரோலர் இன்னும் ஏறாத எடம். ரெண்டு உள்ளங்கையும் ஊணி உழுந்தாரு. கையை எடுக்கறதுக்கு நெனப்பு இல்லை அவருக்கு.

கூட்டம் அப்படியே ரெண்டு எட்டு பின்னால போயிருச்சு. அந்தப் பட்டு வேட்டிக்காரன், "யோவ், அது உங்க ஆளுய்யா"ங்கறான். இத்தனை நேரம் செருப்புல அடிச்சவனுக்கு அப்பத்தான் தெரிஞ்சுதாமா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நான் அடிச்சதும்தான் அடி நின்னுச்சு. அதுக்கப்புறம் அவரு மேல ஒருத்தன் கை வெக்கலை. நான் மட்டும் அந்த ஒண்ணு அடிக்காம இருந்திருந்தா, கொன்னே போட்டிருப்பானுங்க. நான்தானுங்க காப்பாத்தினேன். இதைச் சொன்னா எவனும் ஒத்துக்கமாட்டேங்கறான்.

அந்த வேன்காரங்களேதான் அவரைத் தாருல இருந்து பிச்சு எடுத்து வேன்ல தூக்கிப் போட்டுட்டு இங்க கொண்டாந்தாங்க. அடிச்ச கைங்களே. பட்டு வேட்டி மடியில தலையை வெச்சுக்கிட்டான், வேட்டி பூரா ரத்தம். நான் போக முடியலை. நான் போனா டிராபிக்கை ஆரு பார்க்கறது? கால் மணி நேரத்துல ரெண்டு பக்கமும் கிளியர் பண்ணிட்டேன். குச்சி இல்லாம, ஒத்தை ஆளா.

மறுநாள் காத்தால பால் சொசைட்டி வாசல்ல போயி நின்னேன். அந்தச் சென்னியப்பன் வந்தான். குச்சி எங்கடான்னு கேட்டேன். ரெண்டு குடுத்தப்புறம்தான் சொன்னான். வாய்க்கா மேட்டு ரோட்டுல திரும்பி, குச்சியைத் தண்ணியில வீசிட்டுப் போயிட்டானாமா. ஏண்டா வீசினேன்னு கேட்டா என்ன சொல்றான் தெரியுங்களா? "எந்தக் கையில என்னை அடிச்சீங்களோ அந்தக் கையிலயே அதைக் குடுத்தீங்க. எப்படிங்க எடுத்துட்டுப் போவேன்?"ங்கறான். என்ன பேச்சுங்க இது? அடி வேற, வேலை வேற. இவனாலதான் எங்க அண்ணன் இங்க கெடக்கறாரு. இவன் மேல கேஸ் இல்லை, பாருங்க.

போலீஸ்ல என்னைக் கேட்டாங்க. கூட்டம் அடிச்சுதுன்னு சொன்னேன். அதுல பொய் என்னங்க இருக்குது? முப்பது பேரு அடிச்சாங்களா இல்லையா? பொங்கியண்ணனும் அதைத்தான் சொல்லுவாரு. என்னைச் சொல்லமாட்டாரு. ஒம்பது வருசம் ஒரே தூக்குல சாப்பிட்டிருக்கோம். சொன்னாருன்னா எனக்கு ஜெயிலுங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க.

நான் ஏன் இன்னும் உள்ள போயிப் பார்க்கலைன்னு கேட்கறீங்களா?

போனேனுங்க. காத்தால, கண்ணு முழிச்சுட்டாருன்னு தெரிஞ்சதும் ஓடினேன். பாவாத்தா அக்கா பக்கத்துல உக்காந்து கரண்டியில கஞ்சி குடுத்துட்டிருந்துச்சு. நான் கதவுகிட்ட நின்னு, "அண்ணா"ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாரு. பார்த்ததும் அந்தக் கட்டுப் போட்ட கை ரெண்டையும் தூக்கி மொகத்தை மறைச்சுக்கிட்டாருங்க. கஞ்சி தட்டிப் போச்சு. நான் ஒரு எட்டுக் கூட உள்ள வெக்கலை, கையில எதுவும் இல்லை எனக்கு. அந்தக் கூட்டத்துக்கு முன்னால மறைக்காத மொகம்ங்க அது.

டாக்டரு சொன்னாரு, மண்டையில அடிபட்டதுல ஆளு அடையாளம் கொஞ்சம் கொழம்பும்னு. அதுதான். கூட்டத்துல ஒருத்தன்னு நெனைச்சுட்டாரு என்னை. அக்கா எந்திரிச்சு வந்து என் மொகத்தையே பார்த்துச்சு. கதவைச் சாத்திருச்சு. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து அழுதேன்.

மணி நாலாயிருச்சு, பாருங்க, கதவு தெறக்கறாங்க. ஒரு ஒதவி பண்ணுங்க. உங்களைப் பார்த்தா நல்ல மனுசரா இருக்கறீங்க. இந்தப் பையில ஆறு சாத்துக்குடி இருக்குது. பதினாலாம் நெம்பர் கட்டில்ல குடுத்துருங்க. மாரப்பன் வெளிய உக்காந்திருக்கான், அடிக்க வரலை, பார்க்கத்தான் வந்திருக்கான்னு சொல்லுங்க. போலீஸ்காரரு வர்றதுக்குள்ள சொல்லோணும். ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? பையை வாங்கிக்கிட்டுப் போங்க. வேண்டாம்னா என்ன அர்த்தம்? இத்தனை நேரம் சொன்னதைக் கேட்டுட்டுத்தான இருந்தீங்க? இந்தாங்க, புடிங்க.

என்னங்க இது? நான் பையைத்தான நீட்டுனேன். நீங்க எதுக்குங்க கையைத் தூக்கி மொகத்தை மறைக்கறீங்க?